காரமும் கொழுப்பும்: மலைநாட்டில் சவர்க்காரத்தின் கதை

தோட்டத்துக் கடையின் பற்றுக் கொப்பியைப் புரட்டினால் அரிசி, மாவு, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று செல்லும் வரிசையின் கடைசியில்தான் சவர்க்காரம் வரும். கையில் காசு முடையானால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. வயிற்றுக்கு வேண்டியதை விட்டுவிட முடியாது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலே கிடக்கவும் முடியாது. துணியை மட்டும் வெறுந்தண்ணீரில் அலசி இன்னும் ஒரு வாரம் உடுத்திவிடலாம். அப்படி உடுத்திய துணியைப் பார்த்துத்தான் 'தோட்டத்து அழுக்கு' என்ற வசைச்சொல் பட்டணத்தில் பிறந்தது. அழுக்கைக் கண்டவர்கள் பலர். பற்றுக் கொப்பியைக் கண்டவர்கள் சிலரே. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வாழும் ஓர் உழைக்கும் மக்கள் கூட்டம் சவர்க்காரத்துக்குக் கடையை நம்பி நிற்க நேர்ந்தது எப்படி என்பதை நாம் இங்கே ஆராய விரும்புகிறோம். பொருள் சிறியது, ஆனால் அதன் நூல் லண்டன் வரையிலும் கொங்கோக் காடுகள் வரையிலும் நீளுகிறது.

சவர்க்காரம் என்ற சொல்லுக்குள்ளேயே காரம் இருக்கிறது. அதன் மற்றப் பாதி கொழுப்பு. தேங்காய் எண்ணெயாயினும் நல்லெண்ணெயாயினும் மாட்டுக் கொழுப்பாயினும், கடுங்காரத்தோடு சேர்ந்தால் உடைந்து சவர்க்காரமும் கிளிசரினுமாகப் பிரிகிறது. கொழுப்பினுள்ளே அமிலங்கள் அடங்கியிருக்கின்றன என்பதையும், காரம் அவற்றைப் பற்றிக்கொள்வதே சவர்க்காரம் உண்டாகும் வழி என்பதையும் பிரெஞ்சு விஞ்ஞானி செவ்ரல் 1823இல் வெளியிட்ட நூலில் தெளிவாக எழுதிவைத்தார். ஆனால் காரத்தின் குணத்தை அறிவதற்கு உலகம் செவ்ரலுக்காகக் காத்திருக்கவில்லை. நம்முடைய கிராமங்களில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து, பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் வெள்ளாவியில் வேகவைத்தார்கள். துணியில் ஏறிய எண்ணெயும் வியர்வைப் பிசுக்கும் உவர்மண்ணின் காரத்தோடு கூடி, இழைக்குள்ளேயே ஒருவகைச் சவர்க்காரமாக மாறி, மறுநாள் ஆற்றுநீரில் கழன்று போயின. இதை இரசாயனம் என்று எவரும் சொல்லவில்லை. இதைக் கைக்கொண்டிருந்த மக்களை ஊரின் ஓரத்தில் நிறுத்தி வைத்து, அவர்கள் வெளுத்த வேட்டியை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்ட சமுதாயம் நம்முடையது.

வெள்ளாவி மட்டுமன்று. தலைக்குச் சீயக்காயும் அரப்பும், பட்டுக்குப் பூந்திக்கொட்டை, பாத்திரத்துக்குச் சாம்பலும் புளியும், விளக்குக்கும் சிலவிடங்களில் சவர்க்காரத்துக்கும் இலுப்பை எண்ணெய். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் ஆகிய வறண்ட சீமைகளில் இவற்றுள் பல காசின்றியே கிடைத்தன. மழை குறைந்த நிலத்தில் உப்பும் காரமும் மண்ணின் மேலேயே பூத்து நிற்கும். அரப்பு மரம் வேலியோரத்தில் தானே வளரும். வறுமை இருந்தது, பஞ்சமும் இருந்தது. ஆயினும் துணி துவைக்கக் கடைக்குப் போகவேண்டிய நிலை பெரும்பாலும் இல்லை.

இந்தச் சீமைகளிலிருந்துதான் 1820களில் தொடங்கி மக்கள் கோப்பித் தோட்டங்களுக்கு இறக்கப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளையைச் சேர்ந்தார்கள். அந்த வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் நடந்தது. வழியில் மாண்டவர்களைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியுள்ளனர்; எழுத வேண்டியதுதான். வழியில் கைவிட்டுப் போனவற்றைப் பற்றி எழுதியோர் குறைவு. மலையில் ஏறியவர்கள் தங்கள் உவர்மண்ணைக் கீழே விட்டு வந்தார்கள். மலைநாட்டு மழை மண்ணிலுள்ள காரத்தைக் கழுவிக் கொண்டு போய்விடுகிறது. அங்கே மண் புளிப்பானது, தேயிலைக்கு உகந்ததும் அந்தப் புளிப்பே. உவர் பூக்கும் தரை அங்கே எங்கே? அரப்பும் இலுப்பையும் அந்தக் குளிரில் வளர்வதில்லை. தென்னையும் அந்த உயரத்தில் இல்லை. துரைமார்களின் பயிர் ஒன்றைத் தவிர வேறெதையும் நட நிலமும் இல்லை. தோட்டத்துக்கெனச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் அமர்த்தப்பட்டன; அவர்களுக்கான காசு தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஆனால் அவர்களும் கடைச் சோடாவை நம்ப வேண்டியவர்களே ஆனார்கள்.

எஞ்சியது ஒன்றே: சாம்பல். கவ்வாத்துக் காலத்தில் வெட்டி விழுத்தும் தேயிலை மிலாறு லயத்து அடுப்புகளில் எரிந்து சாம்பலாகிறது. அந்தச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்தால் கிடைப்பது மென்காரம். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்து காய்ச்சினால் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே கடுங்காரம் நிற்கும். சாம்பலும் சுண்ணாம்பும் இல்லாத லயம் உண்டோ? ஆகவே சவர்க்காரத்தின் ஒரு பாதி, பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுக்குள்ளேயே இருந்தது. இல்லாதது மற்றப் பாதி. கறிக்குத் தாளிக்கவும் தலைக்குத் தடவவும் அளந்து அளந்து வாங்கும் எண்ணெயில் சவர்க்காரத்துக்கு ஒதுக்க ஒரு கரண்டி ஏது? (சாம்பற்காரத்தில் உண்டாவது குழைந்த பசைச் சவர்க்காரமே, கட்டியாக இறுகாது. அது வேறு சங்கடம்.)

தேங்காய் எண்ணெய் மலிந்த தீவில் எண்ணெய்க்கு இந்தப் பஞ்சம் ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த எண்ணெய் எங்கே போயிற்று என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். லண்டனில் 1830இல் மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கிய எட்வர்ட் பிரைஸ் கொம்பனி, தேங்காய்க் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் காப்புரிமை ஒன்றை நம்பி, இலங்கையில் 1,000 ஏக்கர் தென்னந்தோட்டத்தில் முதலிட்டது. கோப்பிக்காக மலையில் காடழிந்த அதே தலைமுறையில், கரையோரத்துத் தென்னையும் சீமை விளக்குக்கும் சீமைச் சவர்க்காரத்துக்கும் எழுதிவைக்கப்பட்டது. பிரான்சில் 1791இல் லெபிளாங் கண்டுபிடித்த முறையால் சாதாரண உப்பிலிருந்தே சோடாக்காரம் மலைபோல் உற்பத்தியாயிற்று. இங்கிலாந்தில் சவர்க்காரத்தின் மேலிருந்த வரி 1853இல் நீக்கப்பட்டது. காரம் மலிந்தது, வரி ஒழிந்தது. ஆலைகளுக்கு இனி வேண்டியது கொழுப்பு ஒன்றே. அது வெப்பநாடுகளில்தான் கிடைக்கும். லயத்தில் காரம் இருந்தது, கொழுப்பு இல்லை. சீமை ஆலைக்கும் குறைவாயிருந்தது கொழுப்பே. ஆனால் அதன் கைக்கு எட்டாத தேசம் எதுவுமில்லை.

வில்லியம் லீவர் 'சன்லைற்' என்ற பெயரைப் பதிவு செய்தது 1884இல். ஹற்றனுக்குப் புகையிரதம் வந்து சேர்ந்ததும் அதே 1884இல். இது தற்செயல்தான், ஆயினும் தேயிலைப் பெட்டியை இறக்கிச் சென்ற தண்டவாளம் வெறுங்கையோடு திரும்பி வரவில்லை. சன்லைற்றின் தொடக்ககாலச் சேர்மானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கொப்பரை எண்ணெய் அல்லது பனைவித்து எண்ணெய். கொப்பரையாய்ப் போனது, மஞ்சள் உறைக்குள் கட்டியாகித் திரும்பிற்று. எண்ணெயின் மூலத்தையே கைப்பற்ற எண்ணிய லீவர், 1911இல் பெல்ஜிய அரசிடமிருந்து கொங்கோவில் 7,50,000 ஹெக்டேர் வரையிலான எண்ணெய்ப்பனைக் காடுகளின் உரிமையைப் பெற்றார். அங்கே குலைகளை வெட்டியவர்கள் மனமுவந்து மரமேறியவர்கள் அல்லர். கட்டாய வேலை அந்தக் காடுகளின் சரித்திரத்தில் அழியாக் கறையாய் நிற்கிறது. தம் ஆலைத் தொழிலாளருக்குப் போர்ட் சன்லைற்றில் பூந்தோட்டம் சூழ்ந்த வீடுகள் கட்டித் தந்த தரும சிந்தையாளர் என்று ஆங்கிலேயர் அவரைக் கொண்டாடுவர். வீடு அங்கே, காடு இங்கே!

போர்க்காலத்தில் கொழுப்புக்கு மற்றொரு மதிப்பும் ஏற்பட்டது. சவர்க்காரம் காய்ச்சும்போது பிரியும் கிளிசரின் வெடிமருந்துக்கு மூலப்பொருள். 1942 பெப்ரவரியில் பிரித்தானியாவிலேயே சவர்க்காரத்துக்குப் பங்கீடு வந்துவிட்டது. மலாயாவும் பிலிப்பைன்சும் யப்பானியர் வசமான பின்னர் இலங்கையின் கொப்பரை நேச நாடுகளுக்கு எவ்வளவு அருமைப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிறு செய்தியையும் குறிப்பிட வேண்டும். சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியின் முயற்சியால் மேற்குக் கரையில் மீனெண்ணெயிலிருந்து சவர்க்காரம் செய்யும் சோதனைகள் நடந்தன. கோழிக்கோட்டில் அரசின் சவர்க்காரத் தொழிற்கூடம் வளர்ந்தது அந்த முயற்சியிலிருந்துதான். அம்மீனெண்ணெய்ச் சவர்க்காரம் முதலில் எதற்குப் பயன்பட்டது? கோப்பிச் செடியைப் பீடிக்கும் செதிற்பூச்சியை அழிக்கத் தெளிப்பதற்கு. செடியைச் சவர்க்கார நீரால் கழுவுவது செலவுக் கணக்கில் ஏறிற்று. செடியைப் பேணியவர்களின் துணி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கணக்கு என்றால் என்ன கணக்கு? 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்தது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அரிசியை புசல் ஒன்று 4 ரூபா 80 சதத்துக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அரிசியின் விலைக்கு வரம்பு கட்டப்பட்டது. தொழிலாளி நாளை வேலைக்கு எழுந்து வர அது தேவை. சவர்க்காரத்தின் விலைக்கு அத்தகைய வரம்பு ஏதும் இல்லை. துவைப்பவள் பெண், 11 சதம் குறைத்து வாங்கியவளும் அவளே.

அவளுடைய தேவை சாமானியமானதா? மழையில் நனைந்த தேயிலைச் சரிவில் நாள் முழுதும் நிற்பவளின் காலில் அட்டை ஏறுகிறது. அதைத் தடுக்கச் சவர்க்காரத்தையும் சுண்ணாம்பையும் காலில் பூசிக்கொண்டு மலைக்குப் போகும் வழக்கம் உண்டு. குளிக்க வாங்கிய கட்டியில் ஒரு பகுதி தோட்டத்தின் வேலைக்காகவே தேய்ந்து போகிறது என்பதே இதன் பொருள். இடுப்பில் கட்டிய படங்கில் சேறு, முதுகுத் துணியில் கூடைக் கயிற்றின் கறுப்பு, விரல் நுனியில் கொழுந்தின் கறை. இந்தக் கறை விசித்திரமானது. சவர்க்காரத்தின் காரம் பட்டால் அது மேலும் கறுக்கும். எலுமிச்சைப் புளிப்புப் பட்டால்தான் சற்று வெளுக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் கையை விரித்துப் பார்த்து 'சவர்க்காரம் போட்டுக் கழுவினாயா?' என்று அதட்டும் ஆசிரியர்கள், அந்தப் பிள்ளை விடுமுறையில் கொழுந்தெடுத்ததா என்று முதலில் கேட்பது நல்லது. குளிர்காலையில் பீலித் தண்ணீர் விரலை விறைக்க வைக்கும். குளிர்நீரில் சவர்க்காரம் எளிதில் கரையாது, நுரை எழாது, கட்டி மட்டும் அதிகம் தேயும். கொழும்பில் பத்து நாள் வருகிற கட்டி நுவரெலியாவிலும் பத்து நாள் வரும் என்று கணக்கிடுவோர் அந்தப் பீலியில் ஒரு வேட்டியைத் துவைத்துப் பார்க்கலாம்.

1938இல் லீவர் சகோதரர் கொம்பனி கொழும்பு கிராண்ட்பாஸில் ஆலை நிறுவியது. 1941இல் சுதேசிப் பெயரோடு ஓர் உள்நாட்டுத் தொழிற்கூடம் தோன்றிற்று. அதன் 'ராணி' சந்தனச் சவர்க்காரத்தை அறியாத வீடு இலங்கையில் அரிது. சுதந்திரத்தின் பின்னர், 1950களில், ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலை பரந்தனில் எழுந்தது. நினைத்துப் பாருங்கள்: வடக்கின் உப்பிலிருந்து காரம், குருநாகல் சிலாபப் பகுதிகளின் தென்னையிலிருந்து கொழுப்பு. ஒரு நாட்டுக்குச் சவர்க்காரம் செய்ய வேண்டிய யாவும் நாட்டுக்குள்ளேயே இருந்தன. அதே காலத்தில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால், அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தோட்டத் தொழிலாளர் நாடற்றவர் ஆக்கப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் எட்டாமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தபோது சவர்க்காரத்தைப் பற்றி யார் பேசியிருக்க முடியும்? 1980களில் போர் மூண்டது. பரந்தன் ஆலையும் ஓய்ந்தது.

மற்றொரு திசையில் ஓட்டம் தடைப்படவில்லை. லீவர் கொம்பனி வளர்ந்து உருவான யூனிலீவர் 1972இல் லிப்டன் தேயிலை வாணிபம் முழுவதையும், 1984இல் புரூக் பொண்ட் கொம்பனியையும் தன்வசமாக்கியது. கொழுந்தெடுப்பவளுக்குச் சவர்க்காரம் விற்ற கையே, அவள் எடுத்த கொழுந்தை உலகச் சந்தையில் விற்கும் கையாகவும் ஆயிற்று. விற்கையிலும் இலாபம், வாங்கையிலும் இலாபம். 2022இல் அந்நிறுவனம் தன் தேயிலை வாணிபத்தின் பெரும்பகுதியை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு விலகிக்கொண்டது, சவர்க்காரத்தை விடவில்லை. அதே 2022இல் இலங்கை ரூபாவின் மதிப்பு சரிந்து, செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 95ஐ நெருங்கியது. தோட்டத் தொழிலாளி நெடுங்காலம் போராடி 2021இல் பெற்ற 1,000 ரூபா நாட்சம்பளம் ஓராண்டுக்குள் உருகிப் போயிற்று. கொரோனாவுக்காக 'கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்' என்று எழுதி ஒட்டிய தாள்கள் அப்போதும் சுவர்களில் இருந்தன.

இந்த நிலையில் வீட்டிலேயே சவர்க்காரம் செய்வது பற்றிய பேச்சு எழுவது இயற்கை. அதைப் பெரிய விடுதலை மார்க்கம் என்று நாம் கூறமாட்டோம். ஆலை முதலாளி சோடியம் சிலிக்கேற்றையும் வெண்களிமண்ணையும் சேர்த்துக் கட்டியின் எடையை ஏற்றுகிறான். தின்ன உதவாத கழிவுக் கொழுப்பை மொத்தமாக வாங்குகிறான். மளிகைக் கடையில் போத்தல் எண்ணெய் வாங்குபவர் அவனோடு விலையில் போட்டியிடுவது கடினம். கணக்கை நேர்மையாகப் பார்ப்போம். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுமையாகச் சவர்க்காரமாவதற்கு 183 கிராம் கோஸ்டிக் சோடா வேண்டும். கையில் காரம் மிஞ்சாமலிருக்கத் துணிக்கு 175 கிராமும், உடம்புக்கு 150 கிராமும் இட்டால் போதும்; தண்ணீர் 350 கிராம். ஊற்றும்போது ஒன்றரைக் கிலோ, உலர்ந்தபின் ஏறக்குறைய 1.3 கிலோ: நூறு கிராம் கட்டிகள் 13. ஆகவே எண்ணெயின் விலையை 13ஆல் வகுத்து, சோடாவின் விலையையும் சிறிது கூட்டினால் ஒரு கட்டியின் அடக்கம் தெரியும். மட்டமான துணிச் சவர்க்காரத்தோடு ஒப்பிட்டால் ஆதாயம் சொற்பம். சில மாதங்களில் இல்லவே இல்லை. உடம்புச் சவர்க்காரத்தில் ஓரளவு உண்டு. களிமண் கலவாத கட்டி என்ற நன்மையும் உண்டு.

உண்ணும் எண்ணெயைச் சவர்க்காரமாக்குவது நியாயமா என்ற கேள்வி இதனினும் கனமானது. இந்தியாவில் 1957இல் அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு வேம்பு, இலுப்பை, புங்கு போன்ற உண்ணா எண்ணெய்களை முன்வைத்தது இதனால்தான். மலைநாட்டில் அவை இல்லை. ஆனால் ஹற்றன் பட்டணத்து வடைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த அந்த எண்ணெய் வயிற்றுக்கு ஆகாது, சவர்க்காரத்துக்கு ஆகும். உப்புநீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலே மிதப்பதை எடுத்துத் துணியில் வடிக்க வேண்டும். என்ன எண்ணெய் என்று நிச்சயம் தெரியாவிட்டால் கிலோவுக்கு 130 கிராம் சோடாவுக்கு மேல் போகலாகாது. எல்லா எண்ணெயும் தேங்காய் எண்ணெயளவு காரத்தைத் தாங்காது. மாஜரின் வாங்குவோர், அதில் ஆறில் ஒரு பங்குக்குமேல் நீரும் உப்பும் இருப்பதால், உருக்கித் தெளியவைத்துக் கொழுப்பை மட்டும் நிறுக்க வேண்டும். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, தராசு வேண்டும்.

கோஸ்டிக் சோடா விளையாட்டுப் பொருளன்று. தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, அதன்மேல் நீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். லயத்து வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது அலுமினியப் பாத்திரம். அதைக் காரம் அரித்து, தீப்பற்றும் வாயுவை எழுப்பும். எவர்சில்வரோ கெட்டிப் பிளாஸ்ரிக் வாளியோதான் ஏற்றது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, வாசலில் காற்றோட்டமாய் இருந்து செய்ய வேண்டும். நுவரெலியாவில் காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாய் உறைந்திருக்கும். அதை இளஞ்சூட்டில் உருக்கிய பின்னரே ஆறிய காரநீரை நூலாக ஊற்றிக் கிண்ட வேண்டும். கஞ்சிப் பதத்துக்கு வந்ததும் அச்சில் வார்த்து, மறுநாள் வெட்டலாம். வெட்டிய உடனே பாவித்தால் கை எரியும். கீழ்நாட்டில் நான்கு வாரம் உலர்ந்தால் போதும். மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கட்டிகள் காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கும். அப்போது ஆறு வாரமாவது, அடுப்புக்கு மேலே மிலாறு காயப்போடும் பரணில், ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி வைக்க வேண்டும்.